அமெரிக்கப் பொதுப் பள்ளிகளும் நிதிப் பங்கீடும்

கல்வியின் தரம் குறித்து ஆராயும்போது பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, தேர்வு முறை ஆகியவையே பெரும்பாலும் முதலிடம் பெறுகின்றன. இவை அனைத்துக்கும் அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. பள்ளியின் செலவை ஏற்க வேண்டியவர் யார்? செல்வ வளம் மிக்க அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேயே இக்கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேலாக முற்றிலும் தீராமல் இருந்து வருகிறது. அதன் வரலாறு நிர்வாகத் துறையினரும் மாணவர்களும் கருத்தூன்றிப் பயிலத்தக்கது.

அமெரிக்க அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே இடம் பெறவில்லை. ஆகவே கல்வி மாநிலங்களின் பொறுப்பாயிற்று. மாநிலங்களோ அன்றாட நிர்வாகத்தைப் பள்ளி மாவட்டங்கள் எனப்படும் உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்தன. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பொதுப் பள்ளிகளில் பயிலும் மாணவர் தொகை சுமார் 5 கோடி. சாதாரண ஆண்டுகளில் பள்ளிகளின் வருவாயில் மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவே. எஞ்சியதை மாநிலங்களும் உள்ளாட்சிகளும் ஏறக்குறையச் சரிபாதியாக ஏற்கின்றன. உள்ளாட்சிப் பங்கின் பெரும்பகுதி வீடு, நிலம், தொழிற்கூடம் ஆகியவற்றின்மீது விதிக்கப்படும் சொத்து வரியிலிருந்து கிடைக்கிறது.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரப் பகுதியில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்ற இரு பள்ளி மாவட்டங்கள் உள்ளன. 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் சொத்து மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 1.05 டாலர் வரி செலுத்தினர். அந்நகரப் பகுதியில் அதுவே மிக உயர்ந்த வீதம். ஆயினும் மாநிலத் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, மாணவர் ஒருவருக்கு 26 டாலரே அதனால் கிடைத்தது. அலமோ ஹைட்ஸ் மக்கள் செலுத்திய வரி 0.85 டாலர், அதனால் கிடைத்ததோ 333 டாலர். மாநில, மத்திய உதவிகளைச் சேர்த்த பின்னரும் எட்ஜ்வுட் மாணவருக்கு 356 டாலரும் அலமோ ஹைட்ஸ் மாணவருக்கு 594 டாலரும் கிட்டின. கூடுதலாக வரி கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்குக் குறைவான கல்வி வசதியே கிடைத்தது என்பதே இதன் பொருள்.

1968-இல் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறிக் கிளர்ச்சி செய்தனர். அதே ஆண்டில் டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்பவரும் பிற பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1973 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 5 நீதிபதிகளுக்கு 4 பேர் என்ற பிரிவில், அத்தீர்ப்பை மாற்றியது. கல்வி இன்றியமையாததாயினும், மத்திய அரசியலமைப்பு வெளிப்படையாகவோ உட்பொருளாகவோ காக்கும் உரிமைகளுள் ஒன்றன்று என்பது பெரும்பான்மையோரின் முடிவு. பள்ளிகளில் இனப் பிரிவினையை முறியடித்த 1954-ஆம் ஆண்டு வழக்கில் வாதாடிய தர்குட் மார்ஷல், இப்போது நீதிபதியாக இருந்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

அதன்பின் போராட்டம் மாநில நீதிமன்றங்களை நோக்கித் திரும்பியது. ஏனெனில் கல்வி அளிக்கும் கடமையை மாநில அரசியலமைப்புகள் தெளிவாகவே கூறுகின்றன. 1989-இல் கென்டக்கி உயர்மட்ட நீதிமன்றம் மாநிலத்தின் பள்ளி அமைப்பு முழுவதுமே அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. சமமான தொகை என்ற அளவுகோலோடு போதுமான கல்வி என்ற அளவுகோலும் அத்தீர்ப்பால் வலுப்பெற்றது. அதே ஆண்டில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றமும் தன் மாநில நிதிமுறையை ஒருமனதாகச் செல்லாதென்றது. அதன் விளைவாக 1993-இல் செல்வம் மிக்க மாவட்டங்களின் வரி வருவாயில் ஒரு பகுதியை மற்ற மாவட்டங்களுக்குப் பகிரும் சட்டம் வந்தது. இருப்பவரிடம் பெற்று இல்லாதவருக்கு ஈயும் இம்முறைக்குக் கொடுக்கும் மாவட்டங்களிடையே எதிர்ப்பும் தொடர்ந்தது.

கலிபோர்னியாவின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. அங்கே 1971-லும் 1976-லும் மாநில உச்ச நீதிமன்றம் சொத்து மதிப்பின் ஏற்றத்தாழ்வு பள்ளிச் செலவைத் தீர்மானிக்கலாகாது என்று கூறியது. 1978-இல் வாக்காளர்களே சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தும் திருத்தத்தை நிறைவேற்றினர். உள்ளூர் வரி சுருங்கவே, நிதிப் பொறுப்பு மாநிலத் தலைநகருக்குச் சென்றது. மாவட்டங்களுக்கிடையேயான வேறுபாடு குறைந்தது. ஆனால் மாநிலத்தின் வருவாய் ஏறி இறங்கும்போதெல்லாம் பள்ளிகளின் நிதியும் ஏறி இறங்கலாயிற்று. சமத்துவத்துக்கு வழி வகுத்தாலும், நிலையான வருவாய்க்கு வழி வகுக்காவிடில் சீர்திருத்தம் அரைகுறையாகவே நிற்கும்.

மத்திய அரசின் பங்கு சிறிதாயினும் அதன் செல்வாக்குச் சிறிதன்று. 1965-இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையொப்பமிட்ட கல்விச் சட்டம், வறிய குடும்பப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்குத் தனி உதவி வழங்கியது. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் உடல், மனக் குறைபாடுடைய பிள்ளைகளுக்குக் கல்வி உரிமை அளித்தது. ஆயினும், மாணவர் ஒருவருக்கான சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று அப்போது வகுத்த இலக்கு ஒருபோதும் எட்டப்படவில்லை. உரிமையை ஓர் அரசு வழங்க, செலவை மற்றொன்று சுமக்கும் நிலை அதனால் உண்டாயிற்று. 2002-இல் வந்த சட்டம் ஆண்டுதோறும் தேர்வுகளைக் கட்டாயமாக்கியது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரத்தின் ஒரு பகுதியை மாநிலங்களுக்குத் திருப்பித் தந்தது. 2025 மார்ச்சில் மத்தியக் கல்வித் துறையை மூடுவதற்கான நடவடிக்கைகளைக் குடியரசுத் தலைவர் டிரம்ப் ஆணையிட்டார். 1979-இல் சட்டத்தால் அமைந்த அத்துறையை அறவே நீக்கக் காங்கிரசின் சட்டமே தேவை.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020, 2021 ஆண்டுகளில், ஏறத்தாழ 19,000 கோடி டாலர் மத்திய உதவி பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதன் கடைசித் தவணையைச் செலவுக்கு உறுதி செய்யும் கெடு 2024 செப்டம்பரில் முடிந்தது. அத்தொகையைக் கொண்டு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கிய மாவட்டங்கள், பிறகு அச்சம்பளத்துக்கு வேறு வழி தேட வேண்டியவையாயின. தற்காலிக வருவாயைக் கொண்டு தொடர் செலவைத் தொடங்கலாகாது என்ற பழைய நிதி நெறி இங்கும் மெய்யாயிற்று.

இந்த வரலாறு காட்டும் உண்மைகள் மூன்று. வரி வீதம் சமமாக இருப்பதனால் மட்டும் வாய்ப்பு சமமாகிவிடாது. வரி விதிக்கப்படும் சொத்தின் அளவையும் கணக்கிட வேண்டும். உள்ளூர் மக்களின் பங்கேற்பு போற்றத்தக்கதே. ஆனால் உள்ளூர் வறுமையைப் பிள்ளைகளின் தலையில் சுமத்துவதற்கு அது காரணமாகலாகாது. நீதிமன்றம் உரிமையை அறிவிக்கலாம். அதற்கு உரிய பணத்தை ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டியது சட்டமன்றமே. இந்தியாவில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. எட்ஜ்வுட் பெற்றோர் கேட்டுப் பெறாதது இங்கே அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டுள்ளது. எழுதப்பட்டதை ஒவ்வொரு வகுப்பறைக்கும் கொண்டு சேர்ப்பது வரவு செலவுத் திட்டத்தை வகுப்போரின் கையில் உள்ளது.