வலிக்கும் இடம் ஒன்று, நோயுள்ள இடம் வேறொன்று
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பெரட்டில் பெயர் எழுதும் கிராணிகளாகிய நாங்கள் அன்றாடம் கேட்பது என்ன? "முட்டி வலி", "கால் இழுக்குது", "கை கடுக்குது". வலிக்கிற இடத்துக்கே தைலமும் கொடுக்கிறார்கள். நோய் அங்கேதான் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

மிகவும் அஞ்ச வேண்டியது இடக்கை வலி. காண்டா வாளி தூக்கியதால் வந்தது என்றே நினைப்போம். ஆனால் இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடும்போது, சிலருக்கு நெஞ்சைவிடக் கையிலும் தாடையிலும் முதுகிலும் வலி எடுக்கும். இதயத்தின் நரம்பும் கையின் உட்புற நரம்பும் முதுகுத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதே காரணம். இருவர் பாலை ஒரே தொட்டியில் ஊற்றிய பிறகு, எது யாருடைய பால் என்று ஸ்டோர் கிராணியால் சொல்ல முடியுமா? மூளையின் கதியும் அதுதான். தோலும் தசையும் அனுப்பும் சேதியே அதற்குப் பழக்கம். ஆகவே பழியைக் கையின்மேல் போடுகிறது. எந்த உள்ளுறுப்பு கெட்டால் தோலில் எந்தப் பகுதி நோகும் என்று ஹென்றி ஹெட் என்னும் ஆங்கில மருத்துவர் 1893-லேயே ஆராய்ந்து எழுதினார்.

மேடு ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் தணிகிற வலியைச் சந்தேகியுங்கள். வலி தணியாமல் வேர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால், நிரையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். நீரிழிவுக்காரருக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல், களைப்பும் குமட்டலுமாகவே வருவதுண்டு.

பித்தப்பையில் கல் இருந்தால் சிலருக்கு வலத் தோள் நோகும். எண்ணெய்ப் பலகாரம் தின்ற இரவில் கவனித்துப் பாருங்கள்.

இனி, நம் தொழிலோடு ஒட்டிப் பிறந்த இடுப்புக்கு வருவோம். குனிந்து வெட்டி, பாரம் சுமந்து, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி கெண்டைக்கால், பாதம் வரை இறங்கும். காலில் கட்டுப் போட்டு என்ன பயன்? தொடையிடுக்கு மரத்து, சிறுநீர் கழிக்கவோ அடக்கவோ முடியாவிட்டால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இடுப்பு மூட்டுத் தேய்ந்த சிலருக்கு முழங்கால்தான் நோகும். முழங்காலைப் படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. உடனே "மட்டம் போட வந்தவன்" என்ற பட்டம் கிடைக்கும். எங்களால் பொறுக்க முடியாத சொல் அது! படத்தில் தெரியாததால் வலி பொய்யாகிவிடுமா?

கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டப் புத்தகத்தில் "கால் வலி" என்று மட்டும் எழுதியிருக்கும். பின்னால் மருத்துவர் காயம் முதுகில் என்பார். 1969-ம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோவுக்கு மனுப் போடும்போது இந்த முரண்பாடே தொழிலாளிக்கு எதிராக நிற்கும். ஆகவே என்ன வேலையில், எத்தனை மணிக்கு, எதைத் தூக்கும்போது, வலி எங்கே தொடங்கி எங்கே போனது என்பதைத் தொழிலாளியின் வாய்மொழியாகவே எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மாதிரிப் படிவம் கிளைச் செயலாளரிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.