கண் திறவாத குட்டிகள்

ஏறத்தாழ 63 நாள் சுமந்து நாய் ஈனும் குட்டிகள், கண்ணும் காதும் மூடிய நிலையில், தாயின் மடியை மோப்பத்தாலும் வெதுவெதுப்பாலும் தேடி, தலையை இருபுறமும் அசைத்தபடி ஊர்ந்து செல்கின்றன. ஈன்றவுடன் சுரக்கும், நோய் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்த முதற்பாலான சீம்பாலின் பயனைக் குட்டியின் குடல் முதல் 24 மணி நேரத்திற்குள்ளேயே ஏற்கவல்லது என்பதால், ஒதுங்கிக் கிடக்கும் மெலிந்த குட்டியை எடுத்துக் காம்பில் சேர்ப்பதே வீட்டாரின் முதற்கடமை. உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அப்போது அதற்கு இல்லை. வெறுந்தரையில் கிடந்து குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது ஆகையால், முதலில் மெல்ல வெதுவெதுப்பூட்ட வேண்டும். தாய் அடிவயிற்றை நக்கிவிட்டால்தான் அது சிறுநீரே கழிக்கும். பரிவால் ஊற்றப்படும் பசும்பாலோ வயிற்றுப்போக்கையே தரக்கூடும். இரண்டு வாரத்தில் கண் திறக்கும் குட்டிகளை, எட்டு வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரித்துவிடாதீர்கள்.