பிள்ளைக்கு அப்பா ஆர்?

(லண்டனில் நடந்த எங்கட மாதாந்தக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

நான் இங்க பிறந்து வளர்ந்தவள். என்ர தமிழ் அம்மம்மாவோட கதைச்சுப் பழகின தமிழ். சட்டத்தைப் பற்றி அதில பேசுறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தாத் திருத்துங்கோ.

2021இல, முதல் பட்டம் படிக்கேக்க, ஒரு இலவச சட்ட உதவி நிலையத்தில மொழிபெயர்க்கப் போறனான். அங்கதான் இந்த அக்காவைச் சந்திச்சன். அவவிட்டச் சம்மதம் வாங்கித்தான் சொல்லுறன். பேரும் ஊரும் வேண்டாம்.

அவவின்ர கணவர் 2009 மே மாதம் வட்டுவாகலில ஆமியிட்டச் சரணடைஞ்சவர். அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அக்கா இங்க வந்து, தஞ்சம் கேட்டு, கனகாலம் கழிச்சு இன்னொருத்தரோட வாழத் தொடங்கினவ. அவர் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர். 2018இல மகள் பிறந்தா. ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கையெழுத்து வைச்சு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில தகப்பன் எண்ட இடத்தில இவர்ட பேரைத்தான் பதிஞ்சவை. அதில ஒரு சிக்கலும் வரேல்ல.

சிக்கல் பிள்ளைக்குப் பாஸ்போட் கேக்கேக்கதான் வந்தது. மறுத்து வந்த கடிதத்தை வசனம் வசனமாத் தமிழில சொன்னது நான். குடியுரிமைச் சட்டத்தின்படி இந்தப் பிள்ளையின் தந்தை, பிள்ளை பிறந்த நேரத்தில் தாயின் கணவராக இருந்தவரே. இதுதான் அதின்ர சாரம். அக்கா என்னைப் பார்த்தா. "ஆர், அவரோ? ஒன்பது வருசமாக் காணாத மனுசனோ?"

எனக்கு மறுமொழி தெரியேல்ல. வீட்ட வந்து சட்டத்தைத் தேடி வாசிச்சன். 1981ஆம் ஆண்டின் பிரித்தானிய தேசியச் சட்டம், பிரிவு 50(9ஏ). பிள்ளையின் தந்தை யார் என்று அது வரிசையாகச் சொல்கிறது. முதலாவது ஆள், பிறந்த நேரத்தில் தாய்க்குக் கணவராக இருந்தவர். அப்படி ஒருவர் இருந்தால் கேள்வி அதோடு முடிந்தது. உண்மையான தகப்பன் பிறப்புப் பத்திரத்தையோ டிஎன்ஏ முடிவையோ காட்டக்கூடிய இடம் அந்த வரிசையில் கடைசியில்தான் வருகிறது. அக்காவுக்கு அப்ப நிரந்தர வதிவிடம் இல்லை. பிள்ளைக்குக் குடியுரிமை தகப்பன் வழியாத்தான் வரவேணும். சட்டம் காட்டுற தகப்பனோ வட்டுவாகலில காணாமல் ஆக்கப்பட்டவர்.

இதுகூட ஒரு முன்னேற்றமாம். 2006 ஜூலை 1க்கு முதல் பிறந்த பிள்ளைக்கு, தாய் தகப்பன் சட்டப்படி கல்யாணம் கட்டாட்டி, தகப்பன் வழியாகப் பிறப்பிலேயே குடியுரிமை வராது. இங்க மண்டபத்தில தாலி கட்டிப்போட்டுப் பதியாமல் விட்ட எத்தனை பேர் எங்கட சனத்தில இருக்கினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இன்னொரு விசயம். 2018 ஒக்டோபரில, விசா விண்ணப்பங்களில ஆக்களிட்டக் கட்டாயமா டிஎன்ஏ கேட்டது பிழை எண்டு அப்போதைய உள்துறை அமைச்சர் சஜித் ஜாவித் நாடாளுமன்றத்தில மன்னிப்புக் கேட்டவர். கேக்கக் கூடாத இடத்தில இரத்த உறவுக்கு அத்தாட்சி கேட்டிருக்கினம். இங்க நாங்களே கொண்டுபோய்க் குடுத்தாலும் எடுபடாது. பாக்கிறது தாயின்ர கல்யாணத்தை மட்டும்தான். இந்த யோசனை புதுசுமில்லை. கல்யாணத்துக்குள்ள பிறந்த பிள்ளை கணவன்ர பிள்ளைதான் எண்டதை இங்கிலீஸ்காரர் 1895இல இலங்கைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலயும், 112ஆம் பிரிவா, எழுதிவைச்சிட்டுப் போனவை. சொத்து ஆருக்குப் போகவேணும் எண்ட கவலையில பிறந்த விதி, அகதிப் பெண்ணின்ர பிள்ளை வரைக்கும் வந்து நிக்குது.

சட்டத்தரணி ஒரு வழி சொன்னவர். 2013ஆம் ஆண்டின் இறப்பு அனுமானச் சட்டம். ஒருவர் உயிரோடு இருப்பதாக ஏழு வருசம் தகவல் இல்லாவிட்டால், மனைவி உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். இறந்தார் என்று நம்புவதற்கு வேறு ஆதாரம் இல்லாவிட்டாலும், ஏழு வருசம் முடிந்த நாளையே இறந்த நாளாக நீதிமன்றம் அறிவிக்கும். 2009 மே, அதோட ஏழு. 2016இலயே கல்யாணம் முடிஞ்சது எண்டாகும். 2018இல பிறந்த மகளுக்கு உண்மையான அப்பாவே அப்பா. கணக்குச் சரியா வருது. எனக்குச் சந்தோசம். படபடவெண்டு மொழிபெயர்த்தன்.

அக்கா கனநேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு சொன்னா: "தங்கச்சி, மாமி கிளிநொச்சியில கந்தசாமி கோயிலடியில அவற்ற படத்தை வைச்சுக்கொண்டு இருக்கிறா. 2017இல இருந்து. மரணச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்கயெண்டு சொல்லுங்கோ எண்டுதான் கேக்கிறா. நான் இங்க இருந்து அவர் செத்திட்டார் எண்டு கையெழுத்து வைக்கவோ?"

அந்தச் சத்தியக் கூற்றை அவ வைக்கேல்ல. தோழர் ஒருத்தர் போன கூட்டத்தில "முதலே விவாகரத்து எடுத்திருக்கலாமே" எண்டு கேட்டவர். எந்த விலாசத்துக்குத் தோழர் பத்திரம் அனுப்புறது? எடுத்திருந்தா, தேடுறதை விட்டிட்டா எண்டு முதல்ல சொல்லுறதும் எங்கட சனம்தான். பிள்ளைக்கு அப்பா ஆர் எண்டு கோயிலில கேட்டதும் எங்கட சனம்தான்.

2018இலயே உயர் நீதிமன்றம், இப்படிப்பட்ட பிள்ளைகளை வேறுபடுத்துவது மனித உரிமைகளோடு ஒத்துப்போகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் அப்படிச் சொன்னால் மட்டும் சட்டம் மாறாது. 2022ஆம் ஆண்டின் தேசியமும் எல்லைகளும் சட்டம்தான் அதைத் திருத்தியது. அகதிகளை ருவாண்டாவுக்கு அனுப்ப வழிசெய்த அதே சட்டம். நாங்கள் தெருவில இறங்கி எதிர்த்தது அதைத்தான். அதுக்குள்ள இந்த ஒரு பிரிவு இருந்ததை நானும் அப்ப கவனிக்கேல்ல.

அந்தத் திருத்தத்தால, ஆரையும் சாக வைக்காமல், 4ஜி பிரிவின் கீழ அக்கா மகளைப் பதிஞ்சவ. போன வருசம் சான்றிதழ் வந்தது. அதில ஒரு குறை இருக்கு. மகள் பிரித்தானியப் பிரசை ஆனது பதிஞ்ச நாளில இருந்துதான், பிறந்த நாளில இருந்து இல்லை. பிரிவு 50(9ஏ) இண்டைக்கும் அப்படியே இருக்கு. அந்த வரிசையில முதல் ஆள் இப்பவும் கணவர்தான்.

உங்களுக்குத் தெரிஞ்ச ஆருக்கும் இப்படி மறுப்புக் கடிதம் வந்திருந்தால், குறிப்பா 2022க்கு முதல் வந்து அதோட விட்டிருந்தால், ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிட்ட 4ஜி எண்டு கேக்கச் சொல்லுங்கோ. மொழிபெயர்க்க ஆள் வேணுமெண்டா நான் வாறன்.