சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே திரும்ப வேண்டும்

நடப்பது உங்களுக்குப் புதிது அல்ல. விறகுக்கு நடக்கிறீர்கள். தண்ணீருக்கு நடக்கிறீர்கள். ஆடு மாடு ஓட்டிக்கொண்டு நடக்கிறீர்கள். வேண்டுதலுக்காகக் கோயில் மலை ஏறுகிறீர்கள். இவற்றில் எதற்கும் சங்கம் வைத்ததில்லை.

ஆஸ்திரேலியாவில் நடப்பதற்கென்றே சங்கம் வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், அந்த நாட்டின் பெயர் தெரியும். அங்கே காட்டுப் பகுதியைப் 'புஷ்' என்பார்கள். காட்டுக்குள் நடப்பதைப் 'புஷ்வாக்கிங்' என்பார்கள். விறகுக்காக அல்ல, வேட்டைக்காகவும் அல்ல. காட்டைப் பார்க்கவும், உடம்பு நன்றாக இருக்கவும், நாலு பேரோடு பழகவும் நடக்கிறார்கள்.

"வேலை இல்லாதவர்கள் செய்கிற வேலை" என்று சிரிக்கத் தோன்றும். சிரித்துவிட்டுக் கேளுங்கள். வெயிலில் நடக்கிற எல்லோருக்கும் அவர்களிடம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது.

சங்கம் வந்த கதை

மெல்போர்ன் நகரில் 1894ஆம் ஆண்டிலேயே நடைச் சங்கம் தொடங்கிவிட்டது. அதில் ஆண்கள் மட்டும் இருந்தார்கள். பெண்கள் சும்மா இருப்பார்களா? 1922இல் அதே நகரில் பெண்கள் தங்களுக்கென்று ஒரு நடைச் சங்கம் தொடங்கினார்கள். 1927இல் சிட்னி நகரில் 'சிட்னி புஷ் வாக்கர்ஸ்' என்ற சங்கம் பிறந்தது. இதில் ஆணும் பெண்ணும் சமமாகச் சேர்ந்தார்கள்.

இவர்கள் பணக்காரர்கள் அல்ல. அலுவலகத்திலும் கடையிலும் வேலை செய்தவர்கள். வார விடுமுறையில் ரயில் ஏறி மலையடிவாரம் போவார்கள். மூட்டை கட்டிக்கொண்டு நடப்பார்கள். 1930இல் நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. பேடி பாலின் என்பவருக்கு வேலை போயிற்று. அவரும் காட்டில் நடக்கிறவர். நடப்பவர்களுக்கு என்ன பை வேண்டும், என்ன கூடாரம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டிலேயே தைத்து விற்கத் தொடங்கினார். பிற்காலத்தில் அது பெரிய கடையாக வளர்ந்தது.

ஒரு காட்டைக் காப்பாற்றியவர்கள்

சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸ், அதாவது நீலமலைகள் இருக்கின்றன. அங்கே குரோஸ் என்ற பள்ளத்தாக்கில் வானத்தைத் தொடுவதுபோல் நிற்கும் நீலப் பசை மரங்களின் காடு உண்டு. 1931இல் ஈஸ்டர் விடுமுறைக்கு நடையாளர் சிலர் அங்கே போய்த் தங்கினார்கள். அந்த நிலத்தை எடுத்திருந்த விவசாயி அங்கே வந்தார். மரங்களை வெட்டிவிட்டு அக்ரூட் மரம் வைக்கப்போவதாகச் சொன்னார்.

நடையாளர்கள் சண்டை போடவில்லை. விலை பேசினார்கள். 130 பவுன் என்று முடிவானது. பஞ்ச காலம், கையில் காசு இல்லை. ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்தார்கள், கடனும் வாங்கினார்கள். நிலத்தை மீட்டார்கள். 1932இல் அது பொதுமக்களுக்கான காப்புக்காடு ஆனது. அந்தக் காடு இன்றும் நிற்கிறது. 2000ஆம் ஆண்டில் நீலமலைப் பகுதி உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்டது.

தனி ஆளாக நின்றிருந்தால் முடிந்திருக்குமா? சங்கமாக இருந்ததால் முடிந்தது.

எப்படிப் போகிறார்கள்?

சங்கத்தின் நடை திடீரென்று கிளம்புவது இல்லை. முன்கூட்டியே அட்டவணை போடுவார்கள். எந்த இடம், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம் என்று எழுதியிருக்கும். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருப்பார்கள். புதிதாக வந்தவர் முதலில் எளிதான நடைக்குத்தான் போக வேண்டும்.

ஒவ்வொரு நடைக்கும் ஒரு தலைவர் உண்டு. அவருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் ஒருவர் வருவார். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எல்லோரும் நிற்பார்கள். தலையை எண்ணுவார்கள். கணக்குச் சரியாக இருந்தால்தான் அடுத்த அடி. வேகமாக நடப்பவர் மெதுவாக நடப்பவருக்காகக் காத்திருப்பார்.

ஊரில் ஒருவரிடம் தகவல் சொல்லிவிட்டுப் போவார்கள். எந்த வழி, எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று எழுதிக் கொடுப்பார்கள். சொன்ன நேரத்தில் வராவிட்டால் அவர் காவல்துறைக்குச் சொல்வார். வழி தவறியவர்களைத் தேட 1936இல் சங்கத்தார் தாங்களே ஒரு மீட்புக் குழுவையும் அமைத்தார்கள்.

ஒரு கோடையில் நடந்தது

ஆஸ்திரேலியாவில் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் கோடை. கிறிஸ்துமஸ் அங்கே கொளுத்தும் வெயிலில் வரும். சில நாள்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்.

2006 டிசம்பரில் மூன்று மாணவர்கள் நீலமலைக்கு நடக்கப் போனார்கள். சங்கத்தோடு அல்ல, தாங்களாகவே போனார்கள். மூன்று நாள் நடை. வழியில் தண்ணீர் தீர்ந்துபோனது. மூவரும் பிரிந்துவிட்டார்கள். தனியாகிப்போன ஒருவர் அவசர உதவி எண்ணைக் கைபேசியில் அழைத்தார். பல முறை அழைத்தார். தண்ணீர் இல்லை, நடக்க முடியவில்லை என்றார். எடுத்தவர்கள் தெருப் பெயரைக் கேட்டார்கள். காட்டில் ஏது தெரு?

பெரும் தேடலுக்குப் பிறகு அந்த மாணவரின் உடல்தான் கிடைத்தது. தாகம் அவர் உயிரைக் குடித்துவிட்டது. பிறகு நடந்த விசாரணையில், அழைப்பை எடுத்தவர்கள் நடந்துகொண்ட விதம் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது.

இந்தத் துயரத்தில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. தண்ணீர் தீரும்வரை போகக் கூடாது. சேர்ந்து போனவர்கள் பிரியக் கூடாது. இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். எந்த ஓடையைத் தாண்டினோம், எந்தப் பாறை கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்ல வேண்டும்.

நீலமலைப் பகுதியில் இப்போது ஒரு சிறிய கருவியை இலவசமாக இரவல் தருகிறார்கள். ஆபத்தில் அதை இயக்கினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குச் செய்தி போகும். கைபேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும்.

வெயில் அடித்தால் என்ன செய்வது?

வெயில் நாளில் முழு நாள் நடப்பவருக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். கொண்டுபோனதில் பாதி தீர்ந்ததும் திரும்பிவிடுவது நல்லது. விடியும் முன்பே கிளம்புங்கள். உச்சி வெயிலில் நிழலில் இருங்கள். தலையில் துண்டோ தொப்பியோ இருக்கட்டும். மெல்லிய பருத்தித் துணி உடுத்துங்கள்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கை கால் இழுப்பு வந்தால் உடம்பு எச்சரிக்கை செய்கிறது என்று பொருள். உடனே நிழலில் உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

பேச்சு உளறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலோ அது உயிருக்கு ஆபத்து. உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரத் துணி போட்டு விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

காட்டில் தீ

ஆஸ்திரேலியக் காட்டில் யூகலிப்டஸ் மரங்கள் அதிகம். தைல மரம் என்று சொல்கிறீர்களே, அதே இனம். அதன் இலையில் எண்ணெய் இருப்பதால் சடசடவென்று பற்றும். 2019-20 கோடையில் அங்கே பரவிய காட்டுத் தீயில் 33 பேர் இறந்தார்கள். 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. தீ அபாயம் மிகுந்த நாளில் சங்கத்தார் நடையை நிறுத்திவிடுவார்கள். அதில் அவர்களுக்கு வெட்கம் இல்லை.

இந்தத் துயரம் தமிழ்நாட்டுக்கும் தெரியும். 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்தில் குரங்கணி மலை. மலையேற வந்த பெண்களும் ஆண்களும் இறங்கும்போது காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களும் மகிழ்ச்சியாக இருக்கத்தான் வந்தார்கள். வீட்டில் அவர்களுக்காக ஆள்கள் காத்திருந்தார்கள்.

தீயின் குணம் தெரிந்திருக்க வேண்டும். தீ மேட்டில் ஏறும்போது வேகம் கூடும். சரிவு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். மனிதன் மேட்டில் ஏறினால் வேகம் குறையும். ஆகவே தீக்கு மேலே ஏறி ஓடக் கூடாது. காய்ந்த புல்லுக்குள் நுழையக் கூடாது. வெறும் பாறை, ஏற்கெனவே எரிந்து ஆறிய தரை, தண்ணீர் உள்ள இடம் இவற்றைத் தேட வேண்டும். நைலான் துணி உருகி உடம்பில் ஒட்டும். பருத்தித் துணியே நல்லது. முதலில், வனத்துறை வேண்டாம் என்று சொன்ன நாளில் போகவே கூடாது.

பாம்பு

கோடையில் பாம்பும் நடமாடும். காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து நடந்தால் பெரும்பாலும் அது விலகிப் போய்விடும். கடித்துவிட்டால் ஆஸ்திரேலியர்கள் கை கால் முழுவதும் துணிப்பட்டை சுற்றி அசையாமல் வைப்பார்கள். அது அங்கே உள்ள பாம்புகளுக்கு உரிய முறை. இந்தியாவில் விரியன் கடி அதிகம். இங்கே கயிறு போட்டு இறுக்கக் கூடாது. கீறக் கூடாது. உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரைத் தைரியப்படுத்தி, கடித்த கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். மந்திரிக்கப் போனால் நேரம் வீணாகும்.

நினைவில் வைக்க

நண்பர்களே! காட்டுக்குக் கிளம்புமுன் நாலு கேள்வி கேளுங்கள்.

தண்ணீர் போதுமா?
வீட்டில் ஒருவருக்கு வழியும் நேரமும் சொல்லியாயிற்றா?
அவசர எண் தெரியுமா? இந்தியாவில் 112, ஆம்புலன்சுக்கு 108.
கூட வருபவர்கள் எத்தனை பேர்?

எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. விறகுக்கோ தேன் எடுக்கவோ மலைக்கோயிலுக்கோ உங்கள் ஊரிலிருந்து கிளம்பும் கூட்டத்தின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதுங்கள். ஊரில் இருப்பவர் ஒருவரிடம் கொடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஒரு தாள் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

பத்துப் பேர் போனால் பத்துப் பேரும் திரும்ப வேண்டும். தலையை எண்ணுங்கள். ஒருவர் குறைந்தாலும் நில்லுங்கள்.