காட்டு டிராம் பாதைக்கு ஓர் அருங்காட்சியகம்

(இளம் அதிகாரிகளும் மாணவர்களும் கூடிய கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மரம் ஏற்றிச் சென்ற இரண்டு இரயில் பாதைகளின் வரலாறு 1963-ஆம் ஆண்டில் திசை மாறிற்று. ஒன்று, பரம்பிக்குளம் காடுகளிலிருந்து சாலக்குடி வரை கொச்சி சமஸ்தானம் அமைத்த வன டிராம் பாதை. அது அவ்வாண்டு மூடப்பட்டது. மற்றொன்று, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் காஸ் என்னும் சிற்றூரின் பாதை. அங்கு மர ஆலை 1960-இல் நின்றது. மாநில அரசு பாதையை வாங்கி, 1963-இல் அதே பாதையில் பயணிகளை அழைத்துச் செல்லத் தொடங்கியது.

நமது பாதை சாதாரணமானதன்று. பரம்பிக்குளத்தில் விலையுயர்ந்த தேக்கும் ஈட்டியும் இருந்தன. ஆனால் சாலக்குடி ஆற்றில் மரத்தை மிதக்கவிட வழியில்லை. வாழச்சாலும் அதிரப்பள்ளியும் குறுக்கே நின்றன. எனவே 1907 முதல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர் கேஜ் பாதை இயங்கிற்று. செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் ஏற இயலாது. அங்கு கம்பி வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டிகள் கீழே இறங்கும். அவற்றின் எடையே மறுமுனையிலிருந்த காலி வண்டிகளை மேலே இழுத்துக்கொள்ளும். இதற்கு எரிபொருள் தேவையில்லை. தடையை இயக்கியவரின் கை மட்டும் தவறக் கூடாது. 1933-இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி திருவிதாங்கூர்-கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது தங்கிய குரியார்குட்டியும் இப்பாதை சென்ற இடமே.

இப்பாதைக்குச் சாலக்குடியில் அருங்காட்சியகம் வேண்டும் என்போரை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஆதரவு என்பது எது? நமது நிதி நடைமுறையில் கட்டடத்துக்குப் பணம் பெறுவது எளிது. அது மூலதனச் செலவு. அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு. ஆவணக் காப்பாளரின் ஊதியமும், துருப்பிடிக்கும் இரும்புக்கு ஆண்டுதோறும் பூசும் எண்ணெயும் தொடர் செலவு. அதற்குக் கையொப்பமிட எவரும் ஆர்வம் காட்டுவதில்லை. நிதிக் குறிப்புகளில் காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

காஸ் இதில் நமக்குப் பாடம். 1905-இல் கட்டப்பட்ட ஷே வகை எஞ்சின் ஒன்று இன்றும் அங்கு மலையேறுகிறது. அதன் உருளைகள் ஒரு பக்கத்தில் நின்று, பற்சக்கரங்களின் வழியே எல்லாச் சக்கரங்களையும் சுழற்றுகின்றன. இத்தகைய பொறியைக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பது கடினம். பழுதுபார்க்கும் பட்டறையும் அதில் பயின்ற கைகளும் தொடர்ந்து இருப்பதால்தான் அது உயிரோடிருக்கிறது. தொழிலாளர் வாழ்ந்த வீடுகள் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. ஆலை மூடியதால் வேலையிழந்த ஊருக்கு அது ஒரு வருவாய்.

பரம்பிக்குளம் இன்று புலிகள் காப்பகம். அங்கு மீண்டும் இரயில் ஓட்ட வேண்டும் என எவரும் கேட்கக் கூடாது. ஆகையால் நமது அருங்காட்சியகம் எஞ்சினைக் காட்டிலும் கணக்கைச் சார்ந்திருக்க வேண்டும். எவ்வளவு மரம் இறங்கிற்று, அரசுக்கு என்ன வந்தது, பாதையைப் பேண என்ன செலவாயிற்று, காடு எதை இழந்தது என்பவற்றை ஒரே சுவரில் காண முடிய வேண்டும். பெருமையை மட்டும் தொங்கவிடும் கூடத்துக்கு அரசுப் பணம் தரலாகாது. கோடரிக்குத் தப்பிய கன்னிமரா தேக்கு தூணக்கடவு அருகில் இன்றும் நிற்கிறது. வெட்டப்பட்டவற்றின் அளவை உணர அதன் ஒரு படமே போதும். காடரும் மலசரும் தம் காட்டுக்குள் இரயில் வந்ததை எவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்பதும் அங்கு அவர்கள் சொல்லிலேயே இருக்க வேண்டும்.

அன்று இருபது வயதில் தடை பிடித்தவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார். கட்டட வரைபடம் ஒப்புதல் பெறும்வரை அவர் காத்திருக்க இயலாது. எனவே முதல் ஆண்டு ஒதுக்கீட்டில் செங்கல்லுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். ஓர் ஆவணக் காப்பாளர், ஓர் ஒலிப்பதிவுக் கருவி, பழைய பதிவேடுகளைப் பூச்சியிலிருந்து காக்க ஓர் உலர்ந்த அறை ஆகியவற்றுக்கு முதலில் ஒப்புதல் அளியுங்கள்.