கோலம் பூண்டார் கூடும் சிற்றரங்கு



சப்பானிய மொழியில் 'கொசுபுரே' என்றொரு சொல் வழங்குகின்றது. படக்கதையிலோ, அனிமே என்று அவர்கள் அழைக்கும் அசைபடத்திலோ வருகின்ற ஒருவனைப் போல அல்லது ஒருத்தியைப் போல உடையும் முடியும் படைக்கலமும் செய்து பூண்டு, ஒரு பகற்பொழுது அக்கோலத்திலேயே உலவுதல் என்பது அதன் பொருள். கோலம்பூணல் எனத் தமிழிற் சொன்னாற் பொருந்தும். இலக்கக் கணக்கானோர் திரளும் தலைநகர்க் கூட்டங்களைப் பற்றியே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இங்குச் சொல்லப் புகுவது அதுவன்று. கடலோர ஊரொன்றின் பொதுக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக் கலைகின்ற சிறு கூட்டத்தைப் பற்றியது.

முதற்கண் அச்சொல்லின் பிறப்பைப் பாருங்கள். அதனை ஆக்கியவர் நொபுயுக்கி தக்காகாசி என்பார். 1983 சூன் திங்கள் 'மை அனிமே' இதழில் அஃது அச்சேறியது. 1984இல் அமெரிக்காவிற் கூடிய அறிவியற் புனைகதை மாநாட்டைக் கண்டு வந்த பின்னரே ஆக்கினார் எனப் பலரும் எழுதி வருவது பிழை. உடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலையையும், ஆட்டத்தைக் குறிக்கும் சொல்லையும் நறுக்கி ஒட்டியதே கொசுபுரே. மாற்றுக்கோலம் என்னும் பொருளில் 'கசோ' என்றொரு சொல் அவர்தம் மொழியில் முன்னரே இருந்தது. உயர்குடியினரின் விருந்தாட்ட நாற்றம் அதில் அடிக்கின்றது என்று கருதி அதனை ஒதுக்கினர். தன் மனை திறந்து கிடக்க, வாடகை வீட்டுக்குக் குடிபோன கதைதான்! ஆயினும் ஒன்று. நறுக்கி ஒட்டிய அதே சொல்லை ஆங்கிலேயர் சப்பானியரிடமிருந்து திரும்பப் பெற்றுத் தம் அகரமுதலிகளில் ஏற்றியிருக்கின்றனர். கொடுத்தவனே கைந்நீட்டி வாங்கிக் கொண்டான் என்க.

செயலோ சொல்லினும் மூத்தது. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியற் புனைகதை மாநாட்டுக்கு மிர்தில் தக்ளசு என்னும் பெண்மணியும் பாரசுட்டு ஆக்கர்மன் என்பாரும் வருங்கால மாந்தரின் உடையணிந்து சென்றனர். இரண்டு உடைகளையும் ஆக்கியவர் அப்பெண்மணி. நெடுங்காலம் பெயர் பெற்றவரோ அவ்வாடவர். சப்பானில் 1978இல் அசினோ ஏரிக்கரையிற் கூடிய மாநாடு ஒன்றில், பின்னாளில் திறனாய்வாளராக விளங்கிய மாரி கொத்தானி, செவ்வாய்க் கோளைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புனைகதையின் அட்டை ஓவியத்தைப் பார்த்து உடுத்து வந்தார். கண்டவர்களோ வேறோர் அசைபடத்துக் கடற்சிறுவன் என்று அவரைக் கொண்டனராம்! இதில் ஒரு நுட்பம் இருக்கின்றது. கோலம் பூண்டவர் பாதிதான் செய்கின்றார். அடையாளம் காண்பவரே மறுபாதியை முடிக்கின்றார்.

1975 திசம்பர் 21ஆம் நாள் தோக்கியோவில் 'கொமிக்கெத்து' என்னும் படக்கதைச் சந்தை முதன்முதலாகக் கூடியது. அன்று வந்த குழுக்கள் 32. வந்தவர் ஏறத்தாழ 700 பேர். 2019 திசம்பரில் நான்கு நாள்களில் வந்தவர் ஏறத்தாழ 7,50,000. அச்சந்தை தொடக்க நாளிலிருந்தே ஒரு கொள்கையை விடாது காத்து வருகின்றது. விற்பவர், வாங்குபவர், கோலம் பூண்டவர், ஒழுங்கு செய்பவர் எல்லாரும் பங்குகொள்வோரே. 'நுகர்வோர்' என்று ஒருவரும் அங்கில்லை. ஆனால் ஏழரை இலக்கம் பேர் நடுவே ஒரு கொள்கையைக் கண்ணாற் காண முடியுமா? அதனைக் காணச் சிற்றூர்களுக்குத்தான் போதல் வேண்டும்.

வடமேற்குக் கடற்கரையில் நீகாத்தா என்னும் நகர் உளது. பனி கொட்டும் நெல்நாடு. படக்கதை வரைவதிற் பெரும்புகழ் எய்திய உருமிக்கோ தக்காகாசி பிறந்த ஊர் அது. (மேற்சொன்ன தக்காகாசி வேறு, இவர் வேறு.) 1982 நவம்பரில் தோக்கியோப் பக்கமிருந்து விரைவுத் தொடர்வண்டிப் பாதை அந்நகரை எட்டியது. தலைநகர் சில மணி நேரத் தொலைவாய்ச் சுருங்கிற்று. இனி இளைஞரெல்லாம் வண்டியேறித் தலைநகர்ச் சந்தைக்கே போய்விடுவர் என்றுதானே எவரும் எண்ணுவர்? மறு ஆண்டே, 1983இல், அவ்வூரார் தமக்கெனச் சந்தை கூட்டினர். ஊர்ப்பெயரின் வாலையும் சந்தை என்னும் சொல்லின் வாலையும் முடிந்து 'காத்தாகெத்து' எனப் பெயரிட்டனர்.

இத்தகைய ஊர்க்கூட்டத்துக்குச் செல்லும் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். கிழமை முழுதும் ஏதோ ஒரு கடையிலோ அலுவலகத்திலோ பணி. இரவில்தான் தையற்பொறி ஓடும். மார்க்கவசம் இரும்பன்று, நுரைத்தகடு. கத்தியால் அரிந்து, வெப்பக்காற்றுக் கருவியாற் சூடேற்றினால் அஃது இளகும். கையால் வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அவ்வளைவிலேயே நிற்கும். பின்னர்ப் பசையிட்டு ஒட்டி, மேற்பூச்சுப் பூசி, அதன்மேல் வெள்ளிநிறம். பொய்முடியைப் படத்தில் உள்ளவாறு கத்தரிப்பதற்கே சில இரவுகள் கழியும். தவறாக வெட்டிய முடி மீண்டும் வளராது!

அவ்வளவு பாடுபட்டும் அவள் அக்கோலத்தோடு தெருவில் நடவாள். வீட்டிலிருந்தே பூண்டு வருதலும், பூண்டவாறே வீடு திரும்புதலும் கூடா என்பது சப்பானியக் கூட்டங்களிற் பரவலாக உள்ள ஒழுங்கு. உருளைப்பெட்டியை இழுத்துக்கொண்டு எளிய உடையில் வந்து, கட்டணம் செலுத்தி, உடைமாற்றும் அறையிலேதான் மாறுதல் வேண்டும். காவலர் முதலிய அரசுப் பணியாளரின் சீருடையை உரிமையின்றி அணிவதை 1948ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கின்றது. கேளாது ஒளிப்படம் எடுத்தல் இழுக்கு. இசைவு கேட்டு, வரிசையில் நின்று எடுத்து, வணங்கி நன்றி சொல்லிச் செல்வர். ஆட்டம் என்பது கட்டற்ற கூத்தடிப்பு என எண்ணுவோர் இவ்வொழுங்கைக் காணல் நன்று.

பேரரங்கில் அவளைப் போல் ஆயிரவர். சிற்றரங்கிலோ அவள் பூண்ட கோலம் ஒன்றே ஒன்று. எவரும் நினைவில் வைத்திராத பழைய படக்கதையின் சிறு மாந்தர் ஒருத்தியாக அவள் நிற்கின்றாள். நண்பகல் வரை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு, தாமே அச்சிட்ட சுவடிகளைப் பலகையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்த நடுவயதினர் ஒருவர் எழுந்து வந்து அப்பெயரைச் சொல்லி அழைக்கின்றார். இரவெல்லாம் ஒட்டிய தோற்பட்டையின் தையலைக் குனிந்து பார்த்து, எப்படிச் செய்தாய் என்று கேட்கின்றார். அதற்குத்தானே அவள் வந்தாள்!

பிறர் படைத்ததைப் படியெடுப்பது என்ன கலை என்று கேட்பாருண்டு. கேள்வி பொருளற்றதன்று. 2021 சனவரியில் சப்பானிய அரசே, கோலம் பூண்டு பணம் ஈட்டுவோர் படைப்பாளரின் உரிமைக்கு என்ன கடன்பட்டவர் என்பதை ஆராயத் தலைப்பட்டதாகச் செய்தி வந்தது. ஊதியம் கருதாது பூண்பவர்மேல் அங்குப் பெரும்பாலும் எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. காசு புகுந்த இடத்திலேதான் வழக்கும் புகும். ஆனால் சட்டம் கேளாத இன்னொரு கேள்வி இருக்கின்றது. பெருங்குழுமங்கள் தைத்து அடுக்கி விற்கும் உடைகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி உடுத்தவரும் மகிழட்டும், அதில் குற்றமில்லை. எனினும் நுரைத்தகட்டை வளைக்கத் தெரிந்த கைக்கும், பெட்டியைப் பிரிக்கத் தெரிந்த கைக்கும் வேறுபாடு உண்டு. தையலைக் குனிந்து பார்த்தவர் வாங்கிய உடையில் எதைக் கேட்பார்? விலையைத்தான் கேட்பார்.

மாலையில் கூட்டம் முடியும்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகின்றது, எல்லாரும் கைதட்டுகின்றனர். எளிய உடைக்கு மாறி வந்த அவளும் உருளைப்பெட்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, சுவடி விற்ற அந்நடுவயதினரோடு சேர்ந்து நீள்பலகையின் கால்களை மடக்குகின்றாள். கூலி கொடுத்து ஆள் வைத்திருக்கவில்லை. வந்தவர்களே நாற்காலிகளை அடுக்கிக் கூடத்தைப் பெருக்கிவிட்டுப் புறப்படுகின்றனர்.