ஸ்மித் கோழியின் இறகுக் குருத்து



1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்மித் வளர்த்த பழுப்புக் கோழிகளுள் ஒன்று வளர வளர வெளுத்தது. அதன் வழியில் அவர் உருவாக்கியதே ஸ்மித் கோழி. பொரிக்கும்போது குஞ்சுக்கு நிறத்தில் குறையே இராது. 6 வாரம் கடந்ததும் வெளுக்கத் தொடங்கும். 100க்கு 70 முதல் 95 வரை அப்படி ஆகும். சிலவற்றுக்குப் பார்வையும் போகும். தாய்வழிப் பழுப்புக் கோழிகளிலோ 100க்கு 2கூட இல்லை.

இதே போன்ற நோயான வெண்புள்ளி வந்த மனிதர் மருத்துவரிடம் போவதற்குள் தோலின் நிறமிச் செல்கள் செத்திருக்கும். கொன்றது யார் என்று பிறகு துப்புத் துலக்குவது கடினம். ஸ்மித் கோழியிலோ நோய் வரப்போவது ஏறக்குறைய முன்பே தெரியும். பிடுங்கிய இறகு மறுபடி முளைக்கும் என்பதால், ஒரே கோழியிடம் வாரந்தோறும் இறகெடுத்துப் பார்க்கலாம். கோழியைக் கொல்ல வேண்டாம். அர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் கிசெலா எர்ஃப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தது இதைத்தான்.

குருத்து இறகைக் கீறினால் உள்ளே ரத்தக்குழாய்கள் ஓடும் கூழ் இருக்கும். அதைச் சுற்றி, இறகின் கிளைகள் உருவாகும் வரப்புகள். நிறமிச் செல்கள் வரப்பில் கூழை ஒட்டிய ஓரத்தில் அமர்ந்து, நீண்ட கைகளால் இறகுக்கு நிறம் ஊட்டுகின்றன. வெளுப்பு கண்ணுக்குத் தெரியும் முன்பே கூழில் நோயெதிர்ப்புக்கான டி செல்கள் சேரத் தொடங்கிவிடுகின்றன. பிறகு வரப்புக்குள் நுழைகின்றன. கொல்லும் வகையான சிடி 8 செல்கள் நிறமிச் செல்களை நெருங்க, இண்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம் ஏற, நிறமிச் செல்கள் சிதைகின்றன. இறகு அடியிலிருந்து வளர்வதால், பாதியில் அடிபட்ட இறகுக்கு நுனி பழுப்பு, அடி வெள்ளை. நிறமிச் செல்கள் தீர்ந்ததும் டி செல்களும் குறைந்துவிடும்.

இந்த நோய் வர மரபுக் குறை மட்டும் போதாது. பொரித்த அன்றே போடும் மாரெக் நோய்த் தடுப்பூசி நாமக்கல் பண்ணைக்காரர்களுக்குப் பழக்கமானதுதான். வான்கோழியின் ஹெர்பிஸ் வைரஸால் ஆன அந்த ஊசியைப் போடாவிட்டால் ஸ்மித் குஞ்சுகளில் நோய் வெகுவாகக் குறைகிறது. அந்த வைரஸ் இறகுக் குழியில் குடியேறக்கூடியது. டி செல்களை அங்கே அழைப்பது அதுவோ என்ற ஐயம் நியாயமானது. தடுப்பூசிமேல் பழிபோட யாரும் இதைக் கையில் எடுக்க வேண்டாம். மற்றக் கோழிகளை அது வெளுக்கவைப்பதில்லை. மாரெக் நோய் வந்தால் மந்தையே சாயும்.

2022இல் அமெரிக்காவில் மனிதரின் வெண்புள்ளிக்கு ஒப்புதல் பெற்ற ருக்சோலிட்டினிப் களிம்பு, இதே இண்டர்ஃபெரான் சமிக்ஞையைத்தான் தடுக்கிறது. களிம்பை நிறுத்தினால் சிலருக்கு வெண்மை திரும்பிவிடுகிறது. தோலிலேயே தங்கிவிடும் நினைவு டி செல்கள்மீதுதான் சந்தேகம். ஸ்மித் கோழியை வைத்திருப்பவர்கள் வெளுத்து முடிந்த இறகை ஒதுக்காமல், அதன் குழியில் எஞ்சியிருப்பவை எவை என்று தேட வேண்டும் என்பேன்.